ரூன்குவெஸ்ட்: காயத்துக்கும் கடவுளுக்கும் கணக்கு வைத்திருக்கும் ஒரு பழைய விளையாட்டு

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் விளையாட்டுகள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றை ஆடிப் பார்த்த பின்னும் கோத்தகிரியில் உள்ள எங்கள் குழு விரும்பித் திரும்புவது, 1978-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ரூன்குவெஸ்ட் என்ற விளையாட்டுக்குத்தான். அதிலும் அதன் இரண்டாம் பதிப்பின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பதிப்பாளரான கேயாசியம் நிறுவனம் 2015-இல் வாசகர்களிடம் முன்பணம் திரட்டி அந்தப் பழைய பதிப்பை ‘கிளாசிக்’ என்ற அடைமொழியோடு மறுபடி கொண்டுவந்ததால், இன்று யாரும் அதை வாங்கி ஆடலாம். இந்த விளையாட்டில் ஒருவன் என்ன செய்து பழகினானோ அதுதான் அவன். எந்தச் சமூகத்தோடு சேர்ந்து வாழ்கிறானோ அதன் தெய்வத்துக்கு அவன் கடமைப்பட்டவன். இந்த இரண்டையும் முன்னுரையில் அழகாகச் சொல்லிவிட்டுப் பிறகு மறந்துவிடாமல், பகடை உருளும் ஒவ்வொரு முறையும் நினைவூட்டும்படி விதிகளை வகுத்திருப்பதே இதன் தனிச்சிறப்பு என்பது என் தீர்மானமான கருத்து.

இதன் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரெக் ஸ்டாஃபோர்டு என்பவர் 1966-இல், மாணவராக இருந்தபோதே, குளோராந்தா என்ற கற்பனை உலகத்தின் புராணங்களை எழுதத் தொடங்கினார். அந்த உலகத்தில் நடக்கும் ஒரு போரை அட்டைப்பலகை விளையாட்டாக அமைத்து, அதை வெளியிடுவதற்காகவே கேயாசியம் நிறுவனத்தைத் தொடங்கி 1975-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பாத்திரமேற்று ஆடும் விதிகளை அதே உலகத்துக்காக எழுதித் தந்தவர்கள் ஸ்டீவ் பெரினும் ரே டர்னியும் அவர்களுடைய நண்பர்களும். இடைக்கால ஐரோப்பியப் போர்முறைகளைக் கவசமணிந்து செய்து பார்க்கும் ஒரு கழகம் கலிபோர்னியாவில் தொடங்கிய காலத்திலேயே அதில் ஈடுபட்டவர் பெரின். கேடயம் ஏந்தி நிற்பவனுக்கு எங்கே அடி விழும், நீண்ட ஆயுதம் வைத்திருப்பவனுக்கு என்ன ஆதாயம் என்பதையெல்லாம் உடம்பால் அறிந்தவர் எழுதிய விதிகள் இவை என்பது படிக்கும்போதே தெரிகிறது. புராணம் எழுதியவரும் வாள் பிடித்தவரும் சந்தித்த இடத்தில்தான் இந்த விளையாட்டு பிறந்தது. இரண்டு பேரின் கைவண்ணமும் கடைசிப் பக்கம் வரை தெரிகிறது.

முதலில் கவர்வது, பாத்திரம் வளரும் முறை. 1974-இல் வெளிவந்து இந்தத் துறையையே தொடங்கிவைத்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஒருவர் போர்வீரர், மந்திரவாதி, பூசாரி என்ற வகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, படிப்படியாக நிலை உயர்வார். அதன் பழைய பதிப்புகளில் அந்த உயர்வுக்கான அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதி, குகையிலிருந்து எடுத்துவந்த பொற்காசுகளின் மதிப்பிலிருந்து கிடைக்கும். போதிய காசு சேர்ந்ததும் வீரர் எல்லாவற்றிலும் ஒரே நாளில் மேம்பட்டுவிடுவார். அந்த விளையாட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அது இல்லையென்றால் இது இல்லை. ஆனால் பொற்காசு எடுத்து வந்தவனுக்கு வாள் வீசும் கை ஏன் தேற வேண்டும் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

ரூன்குவெஸ்டில் வகுப்பும் இல்லை, நிலையும் இல்லை. ஒவ்வொரு திறனும் நூற்றுக்கு இத்தனை என்று சதவீதமாக எழுதப்பட்டிருக்கும். கவண் எறிவது 25, தடம் பார்ப்பது 30, ஈட்டி 40 என்ற வகையில் தாளில் எண்கள் இருக்கும். இரண்டு பத்துப்பக்கப் பகடைகளை உருட்டி, வந்த எண் திறனின் எண்ணுக்குள் அடங்கினால் காரியம் கைகூடும். நெருக்கடியான தருணத்தில் ஒரு திறனைப் பயன்படுத்தி வெற்றி பெற்றால், தாளில் அந்தத் திறனுக்கு எதிரே ஒரு குறி இட்டுக்கொள்ள வேண்டும். பயணமோ சண்டையோ முடிந்து மூச்சு விடக் கிடைக்கும் வேளையில், குறி இட்ட ஒவ்வொரு திறனுக்கும் மறுபடி பகடை உருட்டுவார்கள். இம்முறை இருக்கும் எண்ணைத் தாண்டி விழுந்தால்தான் பாடம் மனத்தில் பதிந்ததாகப் பொருள். அப்போது திறன் 5 கூடும். ஆக, 30 சதவீதம் அறிந்தவன் பெரும்பாலும் கற்றுக்கொள்வான்; 85 சதவீதம் அறிந்தவன் அரிதாகவே கற்றுக்கொள்வான். கூர்ந்த அறிவுள்ள பாத்திரத்துக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த விதியை விளக்கவே வேண்டியதில்லை.

எங்கள் குழுவில் உள்ள பள்ளி ஆசிரியை ஒருவர் மாதி என்ற ஆட்டுக்காரப் பெண்ணாக ஆடத் தொடங்கினார். மாதியைப் பெரிய வில்லாளியாக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஆனால் கதை போன போக்கில் அவள் வில்லை எடுத்ததை விட, பகைக் கூட்டத்தின் கூடாரங்களுக்கு இடையே ஓசைப்படாமல் நடந்ததும், தெரியாத இனத்தாரிடம் அரைகுறை மொழியில் பேசிச் சமாளித்ததும்தான் அதிகம். குறிகள் அந்தத் திறன்களின் எதிரே விழுந்தன. எண்களும் அங்கேயே ஏறின. இன்று மாதி ஒரு தூதுப் பெண். அவளை அப்படி ஆக்க யாரும் முடிவு செய்யவில்லை. அவள் நடந்து வந்த வழி அவளை அப்படி ஆக்கியது. ஒரு பாத்திரத்தின் தாளைப் பார்த்தே அதன் வாழ்க்கைக் கதையைச் சொல்லிவிடலாம் என்பது, நான் ஆடிய வேறு எந்த விளையாட்டிலும் இவ்வளவு முழுமையாகக் கிடைக்காத இன்பம். குறி இட்ட திறன்களுக்குப் பகடை உருட்டும் அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துக்காகவே, கீழ்க் கோத்தகிரியிலிருந்து வரும் நண்பர் பேருந்தை விட்டாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது சண்டை. இதை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சண்டை 12 நொடிகள் கொண்ட சுற்றுகளாக நடக்கிறது. உருவத்தின் அளவு, கைவேகம், ஆயுதத்தின் நீளம் மூன்றையும் கூட்டி, யார் எப்போது அடிப்பார் என்பது தீர்மானிக்கப்படும். நீண்ட ஈட்டி வைத்திருப்பவன் குறுங்கத்திக்காரனை முந்திக்கொள்வான். தாக்குபவர் பகடை உருட்டியதும், தாக்கப்படுபவர் சும்மா இருப்பதில்லை. கேடயத்தாலோ வாளாலோ அடியைத் தடுக்க அவரும் தன் பகடையை உருட்டுவார். அவர் தவறவிட்டால், அடி எங்கே விழுந்தது என்று இருபது பக்கப் பகடையைக் கேட்க வேண்டும். 1 முதல் 4 வரை வலக்கால், 5 முதல் 8 வரை இடக்கால், 9 முதல் 11 வரை வயிறு, 12 மார்பு, 13 முதல் 15 வரை வலக்கை, 16 முதல் 18 வரை இடக்கை, 19-உம் 20-உம் தலை.

ஒரு சாதாரண மனிதனின் கை தாங்கும் அளவு 3 புள்ளி மட்டுமே. அகன்ற வாள் எட்டுப் பக்கப் பகடையோடு 1 கூட்டிச் சேதம் விளைவிக்கும். பகடை 6 காட்டினால் சேதம் 7. இருபது பக்கப் பகடை 17 காட்டினால் அது இடக்கை. கையில் சுற்றிய இலகுவான தோல் உறை 2 புள்ளியை வாங்கிக்கொண்டாலும் மீதி 5 சதையில் இறங்கும். கை தொங்கிவிடும், பிடித்திருந்த கேடயம் கீழே விழும். அடுத்த சுற்றில் தடுப்பதற்கு எதுவும் இல்லை. இவ்வளவும் ஒரே ஓர் அடியில் நடந்து முடிகிறது. தாக்கியவரின் குறி மிகத் துல்லியமாக விழுந்தால் இன்னும் மோசம்: திறனில் ஐந்தில் ஒரு பங்குக்குள் விழுந்தால் ஈட்டியும் அம்பும் ஆழப் பாய்ந்துவிடும், இருபதில் ஒரு பங்குக்குள் விழுந்தால் கவசமே காப்பாற்றாது. எத்தனை ஆண்டுகள் பழகிய வீரனாக இருந்தாலும், காட்டில் ஒளிந்திருக்கும் ஒரு பொடியனின் ஈட்டிக்கு அஞ்சித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கொடுமையால் ஆட்டம் சண்டைமயமாகிவிடும் என்று நினைக்கலாம். நடப்பது அதற்கு நேர்மாறானது. கை போனால் கை போனதுதான் என்று தெரிந்தவுடன், மேசையைச் சுற்றி இருப்பவர்கள் வாளை உருவுவதற்கு முன் பேசத் தொடங்குகிறார்கள். எதிரி எத்தனை பேர், சரிவு யார் பக்கம், திரும்பி ஓட வழி இருக்கிறதா, சரணடைந்தால் உறவினர் மீட்புத் தொகை தருவார்களா என்று யோசிக்கிறார்கள். மீட்புத் தொகை என்பது இந்த உலகத்தில் வழக்கமான நடைமுறை. தோற்றவனைக் கொல்வதை விட அவன் குலத்தாரிடம் தொகை பெற்று விடுவிப்பது இரு தரப்புக்கும் ஆதாயம். எங்கள் மேசையில் மிகவும் விறுவிறுப்பாக அமைந்த காட்சிகள், இரண்டு கூட்டங்கள் ஆயுதத்தோடு எதிரெதிரே நின்று, யாரும் முதல் கல்லை எறியாமல் பேசிப் பிரிந்த காட்சிகளே. உயிருக்கு விலை உண்டு என்று விதி சொன்னால், ஆடுபவர்கள் தாமாகவே பொறுப்போடு நடந்துகொள்கிறார்கள்.

மந்திரமும் அப்படித்தான். மந்திரவாதி என்று ஒரு தனிச் சாதி இங்கே கிடையாது. இடையனுக்கும் கொல்லனுக்கும் சிறு சிறு மந்திரங்கள் தெரியும்: காயத்தை ஆற்றுவது, வாளின் கூரை ஏற்றுவது, கவசத்தைக் கெட்டிப்படுத்துவது. வாளைக் கூராக்கும் மந்திரத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் திறன் 5 சதவீதமும் சேதம் 1 புள்ளியும் கூடும். இதற்கான செலவு ஒருவருடைய ஆன்ம வலிமையிலிருந்து கழியும். ஒரு நாள் போனால் திரும்ப ஊறிவிடும். பெரிய தெய்வ மந்திரங்கள் வேண்டுமென்றால் அந்த வலிமையில் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கடவுளுக்குப் படைக்க வேண்டும்.

இவை மட்டும் இருந்திருந்தால் நல்ல விதிகள் கொண்ட ஒரு விளையாட்டு என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். உலகம்தான் இதை வேறோர் உயரத்துக்குக் கொண்டுபோகிறது. குளோராந்தாவில் பிராக்ஸ் என்றொரு வறண்ட மேய்ச்சல் நிலம் இருக்கிறது. தெய்வங்களின் போரில் அழிவதற்கு முன் அது சோலையாக இருந்தது. பஞ்சம் வந்தபோது, எல்லா உயிர்களும் பிழைக்க வழியில்லை என்று கண்ட வாகா என்ற தெய்வம் ஓர் உடன்படிக்கை செய்தது: மனிதரும் விலங்கும் சீட்டுப் போட்டுப் பார்ப்பது, தோற்றவர் அறிவை இழந்து புல் மேய்வது, வென்றவர் அவரை மேய்த்து அவர் மேல் வாழ்வது. காட்டெருமை, மறிமான், காண்டாமிருகம் என்று ஒவ்வொரு விலங்கோடும் ஒவ்வொரு மனிதக் குலம் போட்டியிட்டு வென்றது. அதனால்தான் பிராக்ஸில் குதிரை ஏறுவது இழிவாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு குலமும் தன் விலங்கின் மேல்தான் ஏறும், அதன் பாலையும் இறைச்சியையும்தான் உண்ணும். ஒரே ஒரு போட்டியில் மனிதர் தோற்றார்கள். குட்டைத் தும்பிக்கை போன்ற மூக்குள்ள தாப்பிர் என்ற காட்டு விலங்கை ஒத்த மோரோகாந்த் இனம் அன்று வென்றது. அது இன்றும் பேச்சிழந்த மனிதர்களை மந்தையாக மேய்க்கிறது. இந்த ஒரு செய்தியை முதல் தடவை கேட்டபோது எங்கள் மேசையில் விழுந்த மௌனம் எனக்கு மறக்கவில்லை. மற்ற குலத்தார் மோரோகாந்தை வெறுக்கிறார்கள். ஆனால் உடன்படிக்கை உடன்படிக்கைதான், அதை மீறினால் தங்கள் மந்தையின் மேல் தங்களுக்கு உள்ள உரிமையும் போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இவ்வளவு கூர்மையான அறச்சிக்கலை மூன்று வரியில் எழுதி, அதைத் தீர்க்காமல் ஆடுபவர் கையில் கொடுத்துவிடும் துணிவு ஸ்டாஃபோர்டுக்கு இருந்தது.

மேய்க்கும் விலங்கைக் கொண்டு ஒரு மக்கள் தங்களை அறிவது நீலகிரிக்காரர்களுக்குப் புதிய செய்தி அன்று. தோடர்களின் கோயில் பால் கடையும் இடமும் கூட. எருமையைப் பேணுவதும் வழிபடுவதும் அங்கே வேறு வேறு வேலைகள் இல்லை. ஒரு காலத்தில் இந்த மலையில் தோடர் பாலும் நெய்யும் தர, கோத்தர் மண்பாண்டமும் இரும்புக் கருவியும் இசையும் தர, படகர் தானியம் தர, குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் மந்திரக் காவலும் தர, ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்ந்தார்கள். எங்கள் குழுவில் படகர் சமூகத்து நண்பர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் பேரகணிக்குப் போய் ஹெத்தையம்மனை வணங்கி வருபவர்கள். அவர்களுக்கு, தெய்வம் என்பது ஊரோடும் மூதாதையோடும் அறுவடையோடும் பின்னிக் கிடப்பது என்று விளக்கத் தேவைப்படவில்லை. வேறு பல கற்பனை விளையாட்டுகளில் கடவுள் என்பது பூசாரிப் பாத்திரத்துக்கு மந்திரம் வழங்கும் ஒரு பெயர் மட்டுமே என்பதால், அங்கே இவர்களுக்கு ஒட்டவே இல்லை. பிராக்ஸ் எங்கள் மலை அன்று. அதை எங்கள் மலையாக்க நான் முயலவும் மாட்டேன். ஆனால் அந்த உலகத்துக்குள் நுழைய எங்களுக்கு வாசல் திறந்தே இருந்தது.

இன்னொரு வாசல் நம் இலக்கியத்தில் இருக்கிறது. பிராக்ஸிலும் அதை ஒட்டிய டிராகன் பாஸ் மலைநாட்டிலும் இளைஞர்களின் முதல் வீரச்செயல் பெரும்பாலும் ஆநிரை கவர்வதுதான். பகைவரின் மந்தையை இரவில் ஓட்டி வருவதும், பறிகொடுத்தவர் விரட்டிப் போய் மீட்பதும் இங்கே வாடிக்கை. வெட்சியும் கரந்தையும் பாடத்தில் படித்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆட்டம் எப்படித் தொடங்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். நிரை மீட்டுப் பட்ட வீரனுக்குச் செங்கம் பக்கத்தில் எடுத்த நடுகற்களை நாம் அறிவோம். நீலகிரியிலும் பழைய கற்திட்டைகளும் வீரக்கற்களும் பல ஊர்களில் நிற்கின்றன. எங்கள் ஆட்டத்தில் ஒரு பாத்திரம் எருமை மீட்கும்போது இறந்தது. அதை ஆடியவர் புதுப் பாத்திரத்துக்குப் பகடை உருட்டுவதற்கு முன், இறந்தவனுக்குக் கல் நட வேண்டும், அதில் என்ன பொறிப்பது என்று கேட்டார். அன்றைய மாலை முழுவதும் அந்தக் கல்லைப் பற்றியே பேசினோம். விதிப் புத்தகத்தில் நடுகல்லுக்கு ஒரு வரிகூட இல்லை. ஆனால் சாவை எளிதில் அழித்துவிட முடியாத விதிகளும், முன்னோரை மதிக்கும் உலகமும் இல்லாமல் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

இனி வழிபாட்டுக் குழுக்கள். 1979-இல் வெளிவந்த ‘கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்’ என்ற துணைநூல் இந்த விளையாட்டின் இதயம். ஒவ்வொரு தெய்வத்தின் புராணம், உறுப்பினர் ஆவதற்கான தகுதி, செலுத்த வேண்டிய காணிக்கை, விலக்க வேண்டியவை, கிடைக்கும் மந்திரம், மற்றத் தெய்வங்களோடு உள்ள நட்பும் பகையும் என்று ஒரே ஒழுங்கில் அது விவரிக்கிறது. வணிகத் தெய்வமான இசரீஸை வணங்கும் பிதுரியன் வரோஷ் என்ற வியாபாரியின் பயணக் குறிப்புகள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் இடையில் வருகின்றன. அந்தக் குறிப்புகளைப் படித்தாலே ஒவ்வொரு தெய்வத்தின் அடியாரும் சந்தையில், பாலைவனத்தில், விருந்தில் எப்படி நடந்துகொள்வார் என்று தெரிந்துவிடும். வறட்டு விதிகளுக்கு உயிர் கொடுக்க இதைவிட நல்ல உத்தியை நான் கண்டதில்லை. மரணத் தெய்வமான ஹுமாக்டின் அடியார் தெய்வத்திடம் வரம் பெறலாம். ஒவ்வொரு வரத்தோடும் ஒரு விரதம் கட்டாயம் வரும். அறிவுத் தெய்வமான லாங்கோர் மையின் அடியார் தாடி வைத்திருக்க வேண்டும். பெண்களாக இருந்தால் பொய்த்தாடி அணிவார்கள். மருத்துவத் தெய்வமான சலானா அராயின் அடியாரோ எந்த அறிவுள்ள உயிருக்கும் தீங்கு செய்யக்கூடாது என்று உறுதி எடுத்தவர்கள்.

அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கும் ஒரு அக்கா எங்கள் குழுவில் சலானா அராயின் அடியாராக ஆடுகிறார். ஆயுதமே எடுக்காத ஒருவர் சண்டை நிறைந்த ஆட்டத்தில் என்ன செய்வார் என்று புதியவர்கள் கேட்பதுண்டு. அந்த அக்கா வந்த பிறகு குழுவே மாறிவிட்டது. அடிபட்டு விழுந்த எதிரிக்கும் அவர் மருந்து கட்டுவார்; அதைத் தடுத்தால் அவர் நம்மை விட்டுப் போய்விடுவார்; அவர் போனால் நம் கையையும் காலையும் ஒட்ட ஆள் இல்லை. ஆகவே தோற்றவரைக் கொல்லும் பழக்கம் எங்கள் மேசையில் அடியோடு நின்றது. ஒரு வழிபாட்டின் விலக்கு, குழுவில் உள்ள எல்லோருடைய நடத்தையையும் மாற்றிவிடுகிறது. நல்லவன், கெட்டவன் என்று தாளில் எழுதிவைத்துக்கொள்ளும் முறையை விட இது எவ்வளவு ஆழமானது என்று ஆடிப் பார்த்தால்தான் புரியும்.

வழிபாட்டில் உயர்ந்து தலைமை வீரராக வேண்டுமென்றால் ஐந்து திறன்களில் 90 சதவீதம் எட்டியிருக்க வேண்டும். முன்பு சொன்ன குறிகளின் கணக்குப்படி அது நெடுந்தூரம். அதற்குள் அந்தப் பாத்திரம் ஊராருக்கு உழைத்து, திருவிழாக்களில் கலந்து, வருமானத்தில் பங்கு கொடுத்து, ஊரறிந்த மனிதராகியிருக்கும். தலைமை என்பது விதியால் வழங்கப்படும் பட்டமாக இல்லாமல் உழைத்துப் பெற்ற இடமாக இருப்பதால், எங்கள் குழுவில் ஒருவர் அந்த இடத்தை நெருங்கும்போது மற்றவர்களும் அதைத் தங்கள் பெருமையாகக் கருதுகிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் பாத்திரங்களின் திறன் மிகக் குறைவு. 25 சதவீதம் வைத்திருப்பவன் நான்கு தடவைக்கு ஒரு தடவைதான் அடிப்பான், எதிரியும் அப்படியே. முதல் சில சண்டைகள் இருவரும் காற்றை வெட்டிக்கொண்டிருப்பதாகவே அமையும். நான் இப்போது புதியவர்களின் முக்கியமான திறன்கள் இரண்டு மூன்றைச் சற்று உயர்த்தியே தொடங்கவைக்கிறேன். அடுத்தது கணக்கு வேலை. ஆட்டத்தை நடத்துபவர், பத்துக் கொள்ளையர்கள் வந்தால் பத்துப் பேருக்கும் தலை, மார்பு, வயிறு, கை, கால் என்று ஏழு இடங்களின் புள்ளிகளைக் குறித்துவைத்திருக்க வேண்டும். முன்கூட்டியே தாள் தயாரிக்காவிட்டால் சண்டை இழுத்துக்கொண்டே போகும். விதிப் புத்தகத்தின் அடுக்குமுறையும் பழங்காலத்தது. ஒரே பொருளைப் பற்றிய விதிகள் இரண்டு மூன்று அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் ரூரிக் என்ற ஒரு வீரனின் கதையை எடுத்துக்காட்டுகளாகத் தொடர்ந்து சொல்லிக்கொண்டு போவது இந்தக் குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது. விதி புரியாதபோது ரூரிக்குக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் போதும்.

அச்சுப் பிரதியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து மலைக்க வைக்கும். எனக்கு வந்த பொட்டலம் கூரியர் அலுவலகம் ஒன்றில் மழையில் நனைந்து, அட்டை உப்பிய நிலையில்தான் கைக்கு வந்தது. ஆகவே மின்னூலாக வாங்கி, தேவையான அட்டவணைகளை மட்டும் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொள்வதே நல்லது. கோத்தகிரியின் ஐப்பசி மழையில் காகிதம் எதுவும் மொறுமொறுப்பாக இருப்பதில்லை. பகடைகள் இங்கே கடைகளில் கிடைக்காது. இணையத்தில் ஏழு பகடைகள் கொண்ட தொகுப்பாக வாங்கலாம். ஒருவருக்கு ஒரு தொகுப்பு இருந்தால் ஆட்டம் தடையின்றி நடக்கும்.

பின்வந்த பதிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1984-இல் அவலான் ஹில் நிறுவனத்தின் வழியாக வந்த மூன்றாம் பதிப்பு விதிகளை இன்னும் நுணுக்கமாக்கியது. ஆனால் குளோராந்தாவை விதிகளின் மையத்திலிருந்து விலக்கி, எந்த உலகத்துக்கும் பொருந்தும் பொதுவிளையாட்டாக அதை மாற்ற முயன்றது. அதில்தான் உயிர் போயிற்று என்பேன். 2018-இல் கேயாசியம் வெளியிட்ட புதிய பதிப்பு குளோராந்தாவை மீண்டும் நடுவில் வைத்திருக்கிறது. ஒருவருடைய பற்றும் பகையும் குலப்பாசமும் கூட அதில் சதவீத எண்களாக வருகின்றன. பாத்திரத்தை உருவாக்கும்போதே பாட்டன் பாட்டி காலத்து வரலாற்றை உருட்டிப் பார்க்கிறார்கள். அழகிய ஓவியங்கள் கொண்ட சிறந்த நூல் அது. ஆனால் கனமானது. நூற்றுச் சொச்சம் பக்கங்களில் முழு விளையாட்டையும் தந்துவிடும் இரண்டாம் பதிப்பின் சிக்கனம் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. இதன் விதிகளின் எலும்புக்கூட்டை எடுத்துத்தான் 1980-இல் ஒரு பொது விதிக் கையேடும், 1981-இல் உலகப் புகழ் பெற்ற கால் ஆஃப் கத்தூலு என்ற திகில் விளையாட்டும் உருவாயின. அந்த எலும்புக்கூடு இத்தனை ஆண்டுகளாகத் தேயாமல் இருப்பதே அதன் உறுதிக்குச் சான்று. ஸ்டாஃபோர்டு 2018-இலும் பெரின் 2021-இலும் காலமாகிவிட்டார்கள்; அவர்கள் வகுத்த விதிகளை இன்று ஆடுபவர்களுள் பலர் அவை வெளிவந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

புதிதாக ஆட விரும்புவோர் 1978-இல் வந்த ‘ஆப்பிள் லேன்’ என்ற சிறு நூலிலிருந்து தொடங்கலாம். அதில் உள்ள அடகுக் கடைக் கதையில், ஒரு கடைக்காரர் ஓரிரவு தன் கடையைக் காவல் காக்க ஆள் வைக்கிறார். இருட்டியதும் ஈட்டிகளோடு பபூன் குரங்குக் கூட்டம் வந்து சூழ்கிறது. ஜன்னல் எத்தனை, கூரை வழியாக வர முடியுமா, பின்கதவுக்கு யார் காவல் என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால், குரங்குகளிடமிருந்து சமையலறையைக் காப்பாற்றி வளர்ந்தவர்கள் என்பது விளங்கும். ஒரே கட்டடம், ஒரே இரவு, தெளிவான கூலி என்பதால் விதிகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்க இது மிக வசதியானது. ஆட்டத்தை நடத்துபவர் குரங்குகளின் புள்ளித் தாள்களை முந்தைய நாளே எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஆடுபவர் நான்கு பேர் இருந்தால் அவர்களுள் ஒருவரையாவது சலானா அராயின் அடியாராக இருக்கச் சொல்லுங்கள்.